சாஸ்வதத்துக்கு எத்தனை வருஷம்?

நவம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறு மணி பத்து நிமிடம். வெளியே நசநசவென்று தூறல். சுவரில் மாட்டியிருக்கும் வெப்பமானியில் இருபத்தைந்து டிகிரி. நான் ஒரு படிவத்தைப் பூர்த்தி செய்துகொண்டிருந்தேன்.

சாஸ்வத அர்ச்சனைப் படிவம். எங்கள் தெருவை ஒட்டிய சிவன் கோயிலில் முந்தின நாள் வாங்கி வந்தது. ஒரு தொகையைக் கட்டிவிட்டால் அதை வங்கியில் போட்டு, அதன் வட்டியில் வருஷத்துக்கு ஒரு நாள் நம் பெயருக்கு அர்ச்சனை செய்வார்கள். நாம் இருந்தாலும் சரி, போனாலும் சரி. எவ்வளவு காலத்துக்கு? படிவத்திலேயே அச்சடித்திருக்கிறது... சூரிய சந்திரர் உள்ளவரை.

இந்தப் பக்கத்தை வாரா வாரம் படிப்பவர்களுக்கு என் வியாதி தெரியும். அரசாங்கப் புள்ளிவிவரப் பிரிவில் முப்பத்து நான்கு வருஷம். வயலில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் அளந்து, அறுத்து, நெல்லை நிறுத்து, மொத்தக் கொம்யூன் பஞ்சாயத்துக்கும் விளைச்சல் சொன்னவன். எண்ணிக்கை இல்லாத வார்த்தையைப் பார்த்தால் எனக்கு உள்ளங்கை வியர்க்கும். 'சூரியன் உள்ளவரை' என்றால் எத்தனை வருஷம்?

விஞ்ஞானிகள் சொல்லும் கணக்கு: இன்னும் சுமார் ஐந்நூறு கோடி. ஆனால் நூறு கோடி வருஷத்திலேயே சூரியனின் சூடு ஏறி இங்கே கடல் வற்றிவிடுமாம். கடலே இல்லாத காரைக்காலில் யார் உட்கார்ந்து அர்ச்சனை செய்வது?

இந்தக் கவலையில் இருந்தபோதுதான் சரோஜா காபியை வைத்தாள். சரோஜா என் மனைவி. கல்யாணமாகி நாற்பத்தாறு வருஷம். அவள் கையால் இதுவரை ஏறத்தாழ முப்பத்து மூவாயிரம் காபி குடித்திருக்கிறேன். படிவத்தைக் குனிந்து பார்த்தாள். இரண்டு பெயர்கள், இரண்டு நட்சத்திரங்கள், கல்யாண நாள்.

"என் பேரை அடிச்சிடுங்க" என்றாள்.

ஏன் என்று கேட்டேன்.

"எனக்கு எதுக்குங்க? நான் திரும்பி வர்றதா இல்ல. இதோட போதும்னு சாமிகிட்ட சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டு, பால்காரருக்குக் கதவைத் திறக்கப் போய்விட்டாள்.

நீங்கள் கேட்கலாம் — இதில் என்ன இருக்கிறது? பிறவி வேண்டாம் என்று கேட்பது நம் வழக்கம்தானே? சரிதான். கோயிலில் நிற்கிற பாதிப் பேர் அதைத்தான் கேட்கிறார்கள். ஆனால் நான் ஏழு பிறவி என்று கணக்குப் போட்டு வைத்திருந்தவன். ஒன்றுதான் முடியப் போகிறது, இன்னும் ஆறு பாக்கி என்று நிம்மதியாக இருந்தேன். திடீரென்று எதிர்த்தரப்பு விலகிக்கொண்டால்? போதும் என்று அவள் சொன்னது பிறவியையா... என்னையா?

அன்று மாலை ரத்த அழுத்தம் 150/90. மறுபடி பார்த்தேன். 154.

திங்கட்கிழமை காலை கடற்கரைச் சாலையில் யூசுப்பிடம் சொன்னேன். யூசுப் என்னோடு ஐந்தாம் வகுப்பிலிருந்து படித்தவன், இரும்புக் கடை வைத்திருந்தவன். இப்போது கடை மகனிடம். இவனுக்கு நடை மட்டும். அவர்கள் நம்பிக்கையில் மறுமை என்பது ஒரே தடவை, அதற்கு முடிவே கிடையாது, நல்லவர்களுக்கு மனைவி மக்களோடு சேர்ந்தே சுவனம் என்று விளக்கினான். எனக்குப் பொறாமையாக இருந்தது. எவ்வளவு கச்சிதமான ஏற்பாடு!

"நீ ஏம்ப்பா இப்ப அவங்களோட சேர்ந்து இருக்கறதப் பத்திக் கவலப்படுற? ஒனக்கு முதல்ல விசா கெடைக்குமான்னு பாரு" என்றான்.

ஆபீஸில் என்னோடு வேலை பார்த்த ஆரோக்கியசாமிக்குப் போன் செய்தேன். அவர் மாதா கோயிலுக்கு ஒரு ஞாயிறும் தவறாதவர். நித்திய ஜீவன் நிச்சயம் உண்டு, ஆனால் அங்கே புருஷன் பெண்டாட்டி என்ற உறவெல்லாம் கிடையாது, எல்லோரும் தேவதூதர்கள் மாதிரி என்றார். போனை வைத்ததும் மாத்திரை போட்டுக்கொண்டேன்.

நம் கணக்கையும் பார்த்தேன். பிரம்மாவுக்கு ஒரு பகல் நானூற்று முப்பத்திரண்டு கோடி வருஷம். அவருடைய மொத்த ஆயுள் மூன்று கோடியே பதினோரு லட்சத்து நாலாயிரம் கோடி வருஷம். பெரிய எண்தான். ஆனால் எண்! எண் என்றால் முடிவு உண்டு. பிரம்மாவுக்கே ஓய்வு பெறும் தேதி இருக்கிறது.

விஞ்ஞானத்திலாவது ஆறுதல் கிடைக்குமா? செவ்வாய்க்கிழமை மதியம் முழுக்க யூடியூப். பதினான்கு வீடியோக்கள். பிரபஞ்சத்துக்கு வயது ஆயிரத்து முந்நூற்று எண்பது கோடி வருஷம். அது விரிந்துகொண்டே இருக்கிறது. ஒவ்வொரு நட்சத்திரக் கூட்டமும் மற்றதை விட்டு விலகிக்கொண்டே போகிறது. கடைசியில் ஒன்றின் வெளிச்சம் இன்னொன்றை எட்டவே எட்டாதாம். அப்புறம் நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக அணையும். இருட்டு, குளிர்... அவ்வளவுதான்.

மதங்களில் குறைந்தபட்சம் யாராவது யாரையாவது சந்திக்கிறார்கள். இதில் அதுவும் இல்லை.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு, பொறுக்க முடியாமல் கேட்டே விட்டேன். சரோஜா கொல்லையில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். காரைக்கால்மேட்டு மீன்கார அம்மாள் கொண்டுவந்த கிழங்கா மீன், பதினோரு உருப்படி.

"சரோஜா, என்கூட இருந்தது போதும்னு தோணுதா உனக்கு?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு சிரித்தாள்.

"மூணு நாளா மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிட்டு இருந்தது இதுக்குத்தானா? நீங்க நல்ல மனுஷன்தான். எண்ணாம இருந்தா இன்னும் கொஞ்சம் நல்ல மனுஷன்."

"அப்புறம் ஏன் வேணாங்கிற?"

ஒரு மீனை முழுசாக ஆய்ந்து, அலசி, சட்டியில் போட்டாள்.

"திரும்பிப் பொறந்தா இந்தப் பிறவியில நடந்தது எல்லாம் மறந்துபோயிடுமாம்ல?"

ஆமாம், அப்படித்தான் சொல்கிறார்கள் என்றேன்.

"அவனுக்கு இப்ப நாப்பத்தி மூணு முடிஞ்சிருக்கும். நானும் மறந்துட்டா அவன நெனைக்க யாரு இருக்கா?"

யார் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை.

உங்களுக்கு நான் இதைச் சொன்னதில்லை. யாருக்குமே சொன்னதில்லை. எத்தனை குழந்தைகள் என்று யார் கேட்டாலும், ஒரே மகள், பெங்களூரில் இருக்கிறாள் என்றுதான் சொல்லிவந்திருக்கிறேன். மகளுக்கு முன்னால் ஒருவன் பிறந்தான். ஒரு தை மாதத்தில். பிறந்த மூன்றாம் நாள் உடம்பு மஞ்சள் பூத்தது. பதினாறாம் நாள் பெயர் வைப்பதாக இருந்தது. பன்னிரண்டாம் நாள் போய்விட்டான்.

அத்தனை சின்னக் குழந்தைக்கு எங்கள் வழக்கத்தில் தகனம் கிடையாது. புதைப்பதுதான். கருமாதி கிடையாது, வருஷத் திதி கிடையாது, அமாவாசைத் தர்ப்பணத்தில் பெயரும் கிடையாது. அவன் பேச்சையே எடுக்கக் கூடாது, எடுத்தால் அடுத்தது தங்காது என்று பெரியவர்கள் சொன்னார்கள். எடுக்கவில்லை. மகள் பிறந்து, வளர்ந்து, அவளுக்கே பிள்ளை பிறந்த பிறகும் எடுக்கவில்லை. பழகிவிட்டது.

"ரெண்டு கிலோ நூத்தியம்பது கிராம்" என்றேன்.

சரோஜாவின் கை நின்றது.

"விடியக்காலை நாலு நாப்பது. ரோகிணி நட்சத்திரம், மூணாம் பாதம்."

அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதப் போவதில்லை. சுவரில் பூனை காத்திருந்ததை இருவருமே மறந்துவிட்டோம். பதினோரு மீனில் பத்துதான் குழம்புக்குப் போனது.

வியாழக்கிழமை யூசுப்பிடம் சொன்னேன். அறுபது வருஷத்துக்கு மேற்பட்ட சிநேகிதம், அவனுக்கும் இது தெரியாது. கிண்டல் எதுவும் வரவில்லை. எனக்கு அதுவே பயமாக இருந்தது.

"எங்கள்ல ஒண்ணு சொல்வாங்க" என்றான். "அந்த மாதிரிப் புள்ளைங்க சுவனத்து வாசல்லயே நிக்குமாம். வாப்பாவும் உம்மாவும் வராம உள்ள போவாதாம்."

வீட்டுக்கு வந்து இதை அப்படியே சரோஜாவிடம் சொன்னேன். மத்தியானம் சாப்பிடும்போது அவள், "நின்னுக்கிட்டேவா இருக்கும்? உக்காரச் சொல்ல மாட்டாங்களா?" என்று கேட்டாள்.

வெள்ளிக்கிழமை எனக்கு ஒன்று தோன்றியது. விஞ்ஞானத்தில் ஒன்றுமே இல்லை என்று எப்படி விட்டுவிடுவது? காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டேன். மஞ்சள் இறங்க அவனைத் தினமும் வெயிலில் காட்டினோம். காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம், கொல்லையில், துணி விரித்து. அவன் மேல் பட்ட வெயில் அங்கேயே நின்றுவிடாது. பட்டுத் தெறித்து மேலே போகும். வெளிச்சம் போனால் போய்க்கொண்டேதான் இருக்கும். தடுக்க ஆள் இல்லை. அப்படியானால் அந்த மாலை வெயில், அவன் உருவத்தைத் தாங்கிக்கொண்டு, இந்த நிமிடம் நாற்பத்து மூன்று ஒளியாண்டுத் தொலைவில் போய்க்கொண்டிருக்கிறது.

ரோகிணி என்று ஜோசியர்கள் சொல்வது வெறும் பெயர் இல்லை. வானத்தில் கண்ணுக்குத் தெரிகிற செக்கச்சிவந்த நட்சத்திரம். தூரம் அறுபத்தைந்து ஒளியாண்டு. ஆக, பையன் இன்னும் இருபத்திரண்டு வருஷத்தில் தன் நட்சத்திரம் இருக்கும் தொலைவை எட்டிவிடுவான்.

சரோஜாவைக் கூப்பிட்டு, காகிதத்தைக் காட்டி, நிதானமாகச் சொன்னேன். அவள் ஏழாம் வகுப்போடு நின்றவள். ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"அப்புறமும் போவுமா?"

"போகும்."

"நிக்காதா?"

"நிக்காது" என்றேன்.

உங்களிடம் மறைக்க மாட்டேன். வெளிச்சம் நிற்காது என்பது உண்மை. ஆனால் போகப்போகப் பரவி, மெலிந்து, பிரபஞ்சம் விரிய விரிய அதுவும் இழுபட்டு, எந்தக் கண்ணுக்கும் எந்தக் கருவிக்கும் புலப்படாததாக ஆகிவிடும். அந்த இருபது நிமிட வெயிலில் அவன்மேல் பட்டது எத்தனை, மேலே தப்பியது எத்தனை என்று கணக்குப் போட எனக்கே துணிவில்லை. ஆனாலும் எல்லாம் இருட்டில் முடிகிற அந்தப் பதினான்காவது வீடியோவை அவளிடம் சொல்லவில்லை. முப்பத்து நான்கு வருஷ உத்தியோகத்தில் ஒரு புள்ளிவிவரத்தையும் மறைக்காதவன், அன்று மறைத்தேன். தப்பா?

கொஞ்ச நேரம் கழித்து அவளே வந்தாள். "அந்த அர்ச்சனைய விட்டுடுங்க. அவனுக்கு வேணா எதாவது எழுதுவோமா?" என்றாள்.

சனிக்கிழமை காலை ஒன்பதரை. மழை விட்டிருந்தது. ஆட்டோவில் கோயிலுக்குப் போனோம். ஆபீஸில் இருந்தது ஒரு பெண் எழுத்தர், ஐம்பது வயதிருக்கும். விஷயத்தைச் சொன்னதும் பேனாவை மூடி வைத்தார்.

"அர்ச்சனை உயிரோட இருக்கறப்ப எழுதிக்கறவங்களுக்குத்தான் சார். போனவங்கன்னா திதிக் கணக்குல எழுதிக்குவோம். ஆனா பன்னெண்டு நாள் கொழந்தைக்கு திதி வராதுங்களே."

இதைத்தான் பயந்துகொண்டே வந்தேன். இங்கேயும் அவனுக்கு ஒரு கட்டம் இல்லை. சரோஜா என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். எழுத்தர் எங்கள் இருவரையும் பார்த்தார். இழுப்பறையைத் திறந்து வேறு ஒரு புத்தகத்தை எடுத்தார்.

"தீபம்னு போட்டுடலாம்மா. வருஷத்துல ஒரு நாள், காலைலேர்ந்து ராத்திரி நடை சாத்தற வரைக்கும் எரியும். தீபத்துக்கு நாங்க வயசு கேக்கறதில்ல."

உடனே எனக்கு அடுத்த கவலை. எண்ணெய் விலை ஏறி, வட்டி இறங்கினால்? கேட்டேன். எண்ணெய் குறைந்தால் திரியைச் சின்னதாகப் போட்டுக்கொள்ளலாம், அணைய விடமாட்டோம் என்றார்.

"நட்சத்திரம்?"

சொன்னேன். பிறந்த தேதி, நேரம், எல்லாம் சொன்னேன். எடையையும் சொன்னேன், அதற்குக் கட்டம் இல்லை.

"பேரு?"

பெயர் வைக்காத பிள்ளைக்கு என்ன பெயர் சொல்வது? அந்தப் பன்னிரண்டு நாளும் நான் பெயர்ப் பட்டியல்தான் தயாரித்துக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் பூரா, முப்பத்தொரு பெயர்கள். பதினாறாம் நாள் வருவதற்குள் தேர்ந்தெடுத்துவிடலாம் என்று இருந்தேன்.

"செந்தில்குமார்" என்றாள் சரோஜா.

ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. தினமும் கூப்பிட்டுப் பழகிய பெயரைச் சொல்வது போலச் சொன்னாள். எழுத்தர் எழுதிக்கொண்டார். நான் அவளைப் பார்த்தேன்.

"வயித்துல இருக்கறப்பவே வெச்சிட்டேன்" என்றாள். "நீங்க பட்டியல் போட்டுக்கிட்டு இருந்தீங்க. எதுக்குக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

என் முப்பத்தொன்றில் அந்தப் பெயர் இல்லை.

திரும்பி வரும்போது ஆட்டோவில் மெதுவாகக் கேட்டேன், அந்த அடுத்த பிறவி விஷயம் என்ன ஆயிற்று என்று. யோசித்துச் சொல்கிறாளாம். அதற்கு நாள் கணக்கெல்லாம் கேட்கக் கூடாதாம்.

தீபத்துக்கு ஏழாயிரத்து ஐந்நூறு. ஆட்டோ போக வர நூற்று இருபது. ஆக மொத்தம் ஏழாயிரத்து அறுநூற்று இருபது ரூபாய்.