தார்க்குச்சி டப்பாவில் கிடந்த மாத்திரைகள்

போன ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை. காலை சரியாக ஒன்பது மணி. மணி எப்படி அவ்வளவு கச்சிதமாகத் தெரியும் என்று கேட்பீர்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காக அன்றைக்கு மின்தடை என்று முதல் நாளே பேப்பரில் போட்டிருந்தார்கள். சங்கரன்கோவிலில் எங்கள் தெரு முழுக்க விசைத்தறிதான். ஒன்பது அடித்ததும் தெருவின் தறிகள் எல்லாம் ஒரே மூச்சில் நின்றன. என் வீட்டின் நான்கு தறிகளும் நின்றன.

அந்த அமைதியில் என் நெஞ்சு எனக்குக் கேட்டது. நாலு அடி ஒழுங்காக ஓடும், ஒன்று தவறும், பிறகு மூன்று அடி ஒன்றன்மேல் ஒன்றாக விழும்.

இது எனக்குப் புதிதில்லை. அதற்கு ஆறு மாதத்துக்கு முன்பே திருநெல்வேலியில் ஒரு டாக்டர் சொல்லிவிட்டார். இதயத்தின் மேலறை ஒழுங்கில்லாமல் துடிக்கிறது, அங்கே ரத்தம் தேங்கி உறைந்தால் அந்தக் கட்டி மூளைக்குப் போய் அடைத்துவிடும், அதனால் ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் மாத்திரை போட வேண்டும் என்றார். ஆனால் அதற்கு முந்தின வாரம் உள்ளூரில் எடுத்த ஈ.சி.ஜி.யில் ஒன்றுமே இல்லை. ஒருவர் இல்லை என்கிறார், இன்னொருவர் இருக்கிறது என்கிறார். எதை நம்புவது? இந்தத் துடிப்பு வந்து வந்து போகும், வராத நேரத்தில் எடுத்தால் தெரியாது என்பது எனக்கு அப்போது புரியவில்லை.

மூன்று மாதம் போட்டேன். பல் தேய்த்தால் ஈறில் ரத்தம் வந்தது. தறியில் கீறின விரலில் ரத்தம் நிற்க வெகு நேரம் ஆனது. பயந்துவிட்டேன். டாக்டரிடம் போய்க் கேட்காமல் நானே நிறுத்திவிட்டேன். தறி ஓடும்போது தரை அதிரும், உடம்பும் அதோடு சேர்ந்து அதிரும். அந்த அதிர்வில் நெஞ்சின் தடுமாற்றம் தெரியவே தெரியாது. தெரியாததை இல்லை என்று எடுத்துக்கொண்டேன்.

இதில் என் மகளை ஏமாற்ற வேண்டியிருந்தது. அவள் சென்னையில் வேலை பார்க்கிறாள். அவள் அப்பா இறந்த பிறகு, தறிகளை விற்றுவிட்டுத் தன்னோடு வரச் சொன்னாள். "தறிய விக்கச் சொல்லுதவ இந்த வாசப்படி ஏறாத" என்று ஆத்திரத்தில் சொல்லிவிட்டேன். அன்றைக்குப் போனவள்தான், ஒன்றரை வருடமாக வரவில்லை. என் வியாதி தெரிந்த பிறகு மட்டும் தினமும் ராத்திரி எட்டு மணிக்கு வீடியோவில் கூப்பிடுவாள். "மாத்திர போட்டியாம்மா? அட்டையக் காட்டு." காலியான அட்டையைக் காட்டுவேன். "சரி, வைக்கேன்." அவ்வளவுதான் பேச்சு.

அந்த அரை நிமிடத்துக்காக ஏழு மணிக்கே தலை வாரிப் பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எங்கள் ஊர் ஆடித்தபசுத் திருவிழா நேரத்தில், "இந்த வருசம் தபசுக்குக் கூட்டம் ஜாஸ்தியாம்" என்று இழுத்துப் பார்த்தேன். "லீவு இல்லம்மா" என்றாள். தீபாவளிக்கும் அதே பதில். வா என்ற ஒரு சொல் மட்டும் என் வாயிலிருந்து வரவில்லை.

பிதுக்கி எடுத்த மாத்திரைகளைத் தார்க்குச்சி டப்பாவில் போட்டு வைத்தேன். தார்க்குச்சி என்றால் குறுக்கு நூல் சுற்றும் சின்னக் குச்சி. என்னோடு தறி ஓட்டும் பெண் ஒருத்தி, பனவடலிசத்திரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள், ஒருநாள் அதைப் பார்த்துவிட்டாள். "ஏட்டி, எம் மககிட்ட மூச்சு விட்டே, அன்னைக்கே ஒனக்கு இங்கன வேல கெடையாது" என்று மிரட்டி வைத்திருந்தேன்.

மின்தடை நாளில் நாங்கள் சும்மா இருப்பதில்லை. அன்றைக்குத்தான் பாவு, அதாவது தறியில் நெடுக ஓடும் நூல், பிணைப்போம். தீர்ந்த பாவின் ஒவ்வொரு இழை நுனியையும் புதுப் பாவின் இழையோடு சேர்த்துக் கட்டுகிற வேலை. விரல் தானாக ஓடும், கண் பார்க்கவே வேண்டாம். அன்று முதல் இழையை எடுத்தேன், நழுவியது. மறுபடி எடுத்தேன், நழுவியது.

எதிரே உட்கார்ந்திருந்த அந்தப் பெண் சிரித்தாள். "என்னக்கா, மாமியா வீட்டுக்கு வந்த புதுப்பொண்ணு கணக்கா இழையத் தடவிக்கிட்டே இருக்கிய?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை, எச்சில் வழிந்தது. அவள் சிரிப்பு நின்றது. "எக்கா, வாய் கோணுது!" என்று தெருவே கேட்கக் கத்தினாள்.

ஆட்டோவில் உள்ளூர் ஆஸ்பத்திரி, அங்கிருந்து ஆம்புலன்ஸில் திருநெல்வேலி. அவளும் கூடவே வந்தாள், வழியிலேயே என் கைப்பேசியில் மகளைக் கூப்பிட்டாள். எல்லாம் எனக்குத் தெரிந்தது, பேசத்தான் முடியவில்லை. தலையை ஸ்கேன் எடுத்துவிட்டு டாக்டர் எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று கேட்டார். "கரண்டு போனது ஒம்போது மணி சார். போயி அஞ்சு நிமிசம் இருக்கும்" என்றாள் அவள் தயங்காமல். நேரத்துக்குள் வந்துவிட்டீர்கள், அடைப்பைக் கரைக்க ஊசி இருக்கிறது என்றார் டாக்டர். அடுத்த கேள்வி: ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது மாத்திரை எடுக்கிறார்களா?

மகள் என் கைப்பேசியில் ஸ்பீக்கரில் இருந்தாள். "ஆமா டாக்டர், ஒருநாள் விடாம போடுதாவ. நேத்துகூட போட்டாவ, நானே பாத்தேன்."

டாக்டர் முகம் மாறியது. அந்த மாத்திரை உடம்பில் இருக்கும்போது ஊசி போட்டால் மூளைக்குள் ரத்தம் கசிந்துவிடும், போட முடியாது என்றார். நான் கத்தினேன். கத்தியதாக நினைத்தேன். தொண்டையில் ஏதோ உருண்டது, அவ்வளவுதான். நான் சொன்ன பொய் என் மகள் வாயிலிருந்து உண்மையாக வந்து என் உயிருக்குக் குறுக்கே நின்றது.

தறிக்காரப் பெண் என்னைப் பார்த்தாள். பிறகு கைப்பேசியைப் பார்த்தாள்.

"பாப்பா, என்னைய மன்னிச்சிரு. டாக்டரய்யா, அக்கா மூணு மாசமா ஒண்ணுகூட முழுங்கல. அம்புட்டும் எங்க தார்க்குச்சி டப்பாவுல கெடக்கு. பெறவு அக்கா என்னைய வேலைய விட்டு நிப்பாட்டுனாலும் நிப்பாட்டட்டும்."

டாக்டர் குனிந்தார். "உண்மையாம்மா? உண்மைன்னா கண்ணை மூடித் திறங்க."

மூடினேன். திறக்க வெட்கமாக இருந்தது.

அவசரமாக ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு ஊசி போட்டார்கள். சாயந்திரம் கட்டைவிரல் அசைந்தது. இன்றைக்கும் பாவு பிணைக்கும்போது வலது கை கொஞ்சம் பின்தங்கும், அந்தத் தறிக்காரப் பெண்தான் என் பங்கையும் சேர்த்துப் பிணைப்பாள். மாத்திரை இப்போது நிஜமாகவே உள்ளே போகிறது. ஈறில் வந்த ரத்தத்தைப் பற்றி டாக்டரிடம் கேட்டேன். பரிசோதித்துவிட்டு வேறு மாத்திரை மாற்றித் தந்தார். பத்து நிமிடப் பேச்சு. சந்தேகப்பட்டது தப்பில்லை. கேட்க வேண்டியவரிடம் கேட்காமல் டப்பாவுக்குள் ஒளித்ததுதான் தப்பு. மின்தடை நாளில் தறிகள் நின்றதும் மணிக்கட்டில் நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிடுகிறேன்.

ஊசி போட்ட மறுநாள் காலை ஏழரை மணிக்கு வார்டு வாசலில் மகள் நின்றாள். ஆபீஸ் பையோடு அப்படியே ரயில் ஏறியிருக்கிறாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. வீடியோவில் அது தெரியவே இல்லை. திட்டப்போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து என் வலது கை விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தாள். குழறலாக, "பொய் சொல்லிட்டேன் மக்கா" என்றேன்.

"நானுந்தாம்மா" என்றாள். "லீவு எல்லா மாசமும் இருந்துச்சு. வான்னு ஒரு தடவ சொல்லுவியான்னுதான் தெனமும் எட்டு மணிக்குக் கூப்பிட்டேன்."