உட்டேன் என்று நான் சொன்னது

1. சித்தப்பா ஒரு பாஸ் கொண்டுவந்தார். பெரியவர் ஒருவர், சிறுவர் ஒருவர் என்று அதில் போட்டிருந்தது.
2. அந்தச் சிறுவர் யார் என்பதை ஆட்டம் வைத்து முடிவு செய்வோம் என்றார். ஆட்டத்தின் விதிகளை அவரே வகுத்தார்.
3. மாமன் மகனும் நானும் ஆடினோம்.
4. நான் ஜெயித்தேன்.
5. நான் தோற்றதாகச் சொன்னார்கள்.
6. அத்தை என் தலையில் பூ வைத்தார்.

இதில் நான்காவதை எங்கள் வீட்டில் இன்றுவரை ஒருவரும் ஒப்புக்கொண்டதில்லை. ஆறாவது எனக்குப் புரிய ஒன்பது வருஷம் ஆயிற்று.

பாகிஸ்தான் சண்டை முடிந்த மறு வருஷம் அது. எனக்குப் பத்து வயது. சித்தப்பா விமானப் படையிலிருந்து ஓய்வு பெற்று ஊருக்கு வந்திருந்தார். அவர் விமானம் ஓட்டியவர் அல்ல. ஓட்டப் பழகுகிறவர்கள் தரையிலேயே உட்கார்ந்து பழகுவதற்கு ஒரு பெட்டி உண்டு. உள்ளே ஏறி மூடியைப் போட்டுக்கொண்டால் அது வானத்தில் இருப்பதுபோலவே சாயும், குலுங்கும், எதிரே ஊசிகள் ஆடும். அந்தப் பெட்டியைப் பழுது பார்த்தவர் சித்தப்பா. ஊரில் எல்லோரும் அவரை பைலட் என்று கூப்பிட்டார்கள். அவர் திருத்தவில்லை. அதையே நான் ஓர் எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

கடலை காய்ந்து முடிந்து களம் காலியாகக் கிடந்த மாதம். சித்தப்பா இரண்டு மரப்பெட்டிகளைக் களத்தின் இரண்டு பக்கமும் போட்டார். ஒவ்வொன்றிலும் வலது கைக்கு ஒரு மண்வெட்டிக் காம்பு, இடது கைக்கு ஒரு கட்டைப் பிடி. காம்பு திருப்புவதற்கு, பிடி வேகத்துக்கு. நடுவில் சுண்ணாம்புப் பொடியால் கட்டங்கள் போட்டார். இரண்டு மக்காச்சோளக் கதிர்கள்தான் விமானங்கள். வேலந்தாவளம் சந்தைக்கு மாடு ஓட்டிப் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டு, பைலட்டுக்கு வேலையில்லாமல் போய்விட்டது என்று சிரித்துக்கொண்டு போவார்கள்.

ஆட்டம் இப்படி. பெட்டிக்குப் பெட்டி ஒரு கொட்டாங்குச்சி, அதில் புளியங்கொட்டை. எத்தனை கொட்டை இருக்கிறதோ அத்தனை வேகம், அத்தனை கட்டம் முன்னே போக வேண்டும். சித்தப்பா கை தட்டும்போது இருவரும் ஒரே நேரத்தில் சத்தமாகச் சொல்ல வேண்டும். பிடியை முன்னால் தள்ளினால் 'புடிச்சேன்', இரண்டு கொட்டை கூடும். பின்னால் இழுத்தால் 'உட்டேன்', மூன்று கொட்டை குறையும். இரண்டும் இல்லையென்றால் 'இருக்கு'. குறுகலாக வளைந்தால் இரண்டு கொட்டை போகும். எட்டுக்கு மேல் இருந்தால் குறுகலாக வளையவே முடியாது. மூன்றுக்குக் கீழே இறங்கினால் விமானம் விழுந்துவிடும். எதிரிக்கு நேர் பின்னால் மூன்று கட்டத்துக்குள் யார் வந்து நிற்கிறாரோ அவர் சுட்டவர், அவரே ஜெயித்தவர்.

"எல்லாரும் என்ன நெனைக்கிறாங்கன்னா, சண்ட விமானம்னா வெசயாப் போறதுன்னு," என்பார் சித்தப்பா. "வெசயாப் போறதுக்கு கழுத கூடப் போதும். எங்க கொறைக்கோணும்னு தெரிஞ்சவந்தான் திரும்பி வருவான்."

இதைச் சொன்னவர் அவர். இதை நான் மறக்கவில்லை என்பதுதான் அன்று நடந்த குற்றம்.

ஒரு மாதம் அவரோடு தினமும் ஆடினேன். சிலேட்டில் எழுதி வைத்துக்கொண்டேன்: வளைவுக்கு முன்னால் உடு, வளைந்தபின் புடி, ஏழில் வைத்திருந்தால் எதற்கும் இடம் இருக்கும், பத்துக்குப் போனவனுக்கு நேராகப் போவதையும் பெரிதாக வளைவதையும் தவிர வேறு வழியில்லை. தூங்கும்போதும் இடது கை போர்வையைத் தள்ளி இழுத்துக்கொண்டிருக்கும் என்று அம்மா சொல்வாள்.

அப்போதுதான் பாஸ் வந்தது. விமானத் தளத்தில் பொதுமக்களை விடும் நாள். சித்தப்பாவின் பழைய பெட்டி அங்கே இருந்தது. அதில் ஒரு பிள்ளையை ஏற்றி உட்கார வைப்பார்கள். மூடி போடுவார்கள். ஊசிகள் உண்மையாகவே ஆடும். எனக்கு அந்த ஊசிகளைப் பார்க்க வேண்டும். நான் பிடியை இழுத்தால் ஊசி இறங்குகிறதா, எவ்வளவு நேரம் கழித்து இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். அந்த வயதில் வேறு எதையும் நான் அவ்வளவு விரும்பிக் கேட்டதில்லை.

அதே வாரம் மாமாவின் குடும்பம் மலைமேல் இருக்கும் பள்ளிவாசல் என்ற ஊரிலிருந்து இறங்கி வந்தது. மாமா அங்கே பவர் ஹவுசில் வேலை பார்த்தார். மாமன் மகனுக்குப் பதின்மூன்று வயது. மலைப்பாதையின் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பஸ் டிரைவர் வேகத்தைக் குறைப்பதைப் பார்த்து வளர்ந்தவன். பார்த்ததோடு சரி. முதல் நாள் ஆட்டத்திலேயே பிடியை முன்னால் தள்ளி, அது திரும்பி வராமல் இருக்க முழங்காலால் முட்டுக் கொடுத்துக்கொண்டான்.

"இவ எப்பப் பாத்தாலும் உடறா மாமா. பயந்தாங்கொள்ளி," என்றான் சித்தப்பாவிடம்.

"பயமில்ல மாப்ள, அது கணக்கு," என்றார் சித்தப்பா. அவர் வாயால் சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பின் போட்டி. ஆரம்பத்தில் களத்தில் நாங்கள் மூன்று பேர்தான். அவன் பன்னிரண்டு கொட்டையில் பறந்து களத்தின் ஓரம்வரை போய், பெரிதாக வளைந்து, கட்டத்துக்கு வெளியே ஒரு முறை விழப் பார்த்தான். நான் ஆறிலும் ஏழிலும் சுற்றி வந்தேன். இரண்டு முறை அவன் பின்னால் போயும் நான்கு கட்டத்தில் தவறவிட்டேன். அப்புறம் ஒரு வளைவில் கணக்குத் தப்பி அவன் முன்னால் போய் மாட்டிக்கொண்டேன். நான்கு கட்டம் பின்னால் அவன் கதிர். என்னிடம் ஆறு கொட்டை, அவனிடம் எட்டு.

அந்த நேரத்தில்தான் பெரியவர்கள் காப்பி டம்ளரோடு வெளியே வந்தார்கள். அப்பா, மாமா, அத்தை, அம்மா. அத்தைக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். அத்தை ஆட்டத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா என் பெட்டியருகே வந்து குனிந்தாள்.

"அம்முணி, உட்டுக் குடு. நாலு நாளைக்கு வந்த புள்ள."

"பாஸ் ஒண்ணுதானம்மா இருக்குது."

"கம்முனு சொன்னதக் கேளு. அத்த பாக்கறாங்க."

அத்தை பார்த்தால் என்ன என்று எனக்கு விளங்கவில்லை. கட்டங்களை எண்ணினேன். நானும் தள்ளினால் எனக்கு எட்டு, அவனுக்குப் பத்து. இடைவெளி இரண்டாகக் குறையும், சுட்டுவிடுவான். இருக்கு என்றால் இரண்டு கதிரும் ஒரே கட்டத்தில் மோதும். இழுத்தால் எனக்கு மூன்று. ஒரு கொட்டை குறைந்தாலும் விழுந்துவிடும் மூன்று. ஆனால் விழாது. அவன் பத்துக் கட்டம் பாய்ந்து என்னைத் தாண்டி, எனக்கு முன்னால் சரியாக மூன்றாவது கட்டத்தில் போய் நிற்பான்.

சித்தப்பா கை தட்டினார்.

"புடிச்சேன்," என்று கத்தினான்.

"உட்டேன்," என்றேன்.

சித்தப்பா கதிர்களை நகர்த்தினார். அவன் கதிர் என்னைத் தாண்டிப் போனது. மூன்றாவது கட்டத்தில் நின்றது. நான் அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தேன். சித்தப்பாவின் கை அந்தக் கதிரின் மேல் ஒரு கணம் அப்படியே இருந்தது. அவருக்குத் தெரியும். அந்தக் களத்தில் அது தெரிந்தவர்கள் இரண்டே பேர்.

"உட்டுட்டாளா?" என்று மாமா சிரித்தார். "தாண்டிப் போயிட்டான் பாரு என்ற மகன்."

"அவளே உட்டேன்னு சொல்லிட்டா," என்றாள் அம்மா, மூச்சு விட்டபடி. அத்தையின் பக்கம் திரும்பி, "சொன்னாக் கேட்டுக்குவாளுங்க," என்றாள்.

"அது பிடிய உட்டது," என்றேன். "ஆட்டத்துல அப்படித்தான் சொல்லோணும். மூணு கட்டம். எண்ணிப் பாருங்க. சித்தப்பா, சொல்லுங்க."

சித்தப்பா அத்தையின் முகத்தைப் பார்த்தார். பிறகு அப்பாவின் முகத்தை. அப்பா காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"ஆமா, உட்டேன்னுதான் சொன்னா," என்றார் சித்தப்பா. "உட்டவ உட்டவதானுங்க. அப்புறமென்ன."

"கட்டத்த எண்ணுங்க சித்தப்பா."

அவர் எழுந்தார். எழுந்து நடந்துபோகும் சாக்கில் செருப்புக் காலால் சுண்ணாம்புக் கோடுகளைத் தேய்த்துக்கொண்டே போனார். ஒரு கோடு, இரண்டு கோடு, மூன்று. எண்ணுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. வாழ்க்கையில் எத்தனையோ பேர் மேல் கோபப்பட்டிருக்கிறேன். அந்தச் செருப்பின் மேல் பட்ட கோபம் இன்னும் அப்படியே இருக்கிறது. அவன் தெரியாமல் ஜெயித்தான், அம்மா தெரியாமல் பேசினாள். சித்தப்பாவுக்குத் தெரியும். விதி எழுதிய கையால் அழிக்கக்கூட அவர் குனியவில்லை.

நான் அழவில்லை. கொட்டாங்குச்சியை எடுத்து கொட்டைகளை அவர் போன பக்கமாக வீசினேன். மூன்றே கொட்டை. அப்பா ஓர் அறை வைத்தார். சாயந்தரம் அத்தை என்னைக் கூப்பிட்டு மடியருகே உட்கார வைத்து, தன் தலையிலிருந்த கனகாம்பரத்தில் பாதியைக் கிள்ளி என் பின்னலில் வைத்தார்.

"கோவம் வருது, ஆனா கொணமான புள்ள. உட்டுக் குடுத்துட்டியே கண்ணு."

தோற்றவளுக்குக் கொடுக்கும் ஆறுதல் என்று நினைத்தேன். அத்தை உள்ளே போனதும் பிடுங்கி எருக்குழியில் எறிந்தேன்.

மறுநாள் சித்தப்பாவும் அவனும் விடியற்காலை பஸ்ஸில் போனார்கள். இருட்டும் முன் வந்தார்கள். அவனிடம் பேசக்கூடாது என்று வைத்திருந்தேன். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"உள்ள ஏறுனியா?"

"ஏறுனேன். ஒரே புழுக்கம். முழுசாத் தள்ளுனேன், அது என்னமோ சாஞ்சு கீழ விழுந்துருச்சுன்னு சொல்லி எறக்கி உட்டுட்டாங்க."

"ஊசி எங்க நின்னுது?"

"எந்த ஊசி?"

அவன் பார்க்கவே இல்லை.

அடுத்த வருஷம் உன்னைக் கூட்டிப் போகிறேன் என்று சித்தப்பா சொன்னார். அடுத்த வருஷம் பாஸ் வரவில்லை. பெட்டிகளில் கோழி அடைத்தார்கள்.

எனக்குப் பத்தொன்பது வயதாகி, பாலிடெக்னிக்கில் கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு வந்த மாதம், மாமாவும் அத்தையும் தட்டோடு வந்தார்கள். முறை மாப்பிள்ளை இருக்கும்போது வெளியில் எதற்குப் பார்க்க வேண்டும் என்பது பேச்சு. படிப்பு அதிகமாகிவிட்டதே, அடங்கி இருப்பாளா என்று மாமா லேசாக இழுத்தார். அத்தை அவரைப் பேச விடவில்லை.

"எனக்கு அந்தக் கவலையே இல்லீங்க. அன்னைக்குக் களத்துலயே பாத்தனே. ஜெயிக்கற நேரத்துல என்ற பையனுக்கு உட்டுக் குடுத்த புள்ள. அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்."

அன்று களத்தில் இரண்டு ஆட்டம் நடந்திருக்கிறது. ஒன்று பாஸுக்கு. மற்றொன்றில் பந்தயப் பொருளே நான். பத்து வயதில் அந்த இரண்டாவது ஆட்டம் என் கண்ணில் படவில்லை. சித்தப்பாவின் கண்ணில் பட்டது. அதனால்தான் அவர் கால் அந்தக் கோடுகளின் மேல் நடந்தது. அத்தை இதைச் சொன்னபோதும் அவர் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். மிக்சர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

முடியாது என்று அன்றே சொன்னேன். மறு வருஷம் மறுபடி வந்தார்கள், மறுபடி சொன்னேன். இப்போது கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். டீசல் ஜெனரேட்டர்களின் வேகம் கூடாமல் குறையாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. ஊசிகளைத் தினமும் பார்க்கிறேன். மாமன் மகனுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. வரும் ஐப்பசியில் மூன்றாவது முறையாக வருவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அம்மா தினமும் உட்டுக் குடு என்கிறாள். சித்தப்பாவிடம் நான் ஒன்றுதான் கேட்டிருக்கிறேன்: அத்தை வரும்போது, அன்று யார் ஜெயித்தது என்பதை அவர் வாயால் சொல்ல வேண்டும். பார்க்கலாம் என்றார். இன்னும் சொல்லவில்லை.