காஜா பாய் தணித்த சத்தம்

பெரியகுளத்தில் பத்திரப்பதிவு வேலையாக நின்றுகொண்டிருந்த காலை நேரத்தில், நம் காப்பீட்டுக் கிளையில் காசாளராக இருந்த பெருமாள் தொலைபேசியில் அழைத்தார். “காஜா பாய் வீட்டுல மவுத்தாம். நான் கெளம்பிட்டேன், நீங்களும் வந்துருங்க” என்றார். யார் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பாயின் மனைவி ஜைத்தூன் அம்மாள் பக்கவாதத்தில் படுத்து வருஷக்கணக்காகிறது. அந்த வீட்டில் ஒரு சாவு என்றால் அது அவருடையதாகத்தான் இருக்கும் என்று கம்பத்தில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். பாயே சொல்லியிருப்பார்.

பேருந்தில் பாயிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். அலுவலகத்தில் இறப்புக் கோரிக்கைகளைச் சரிபார்க்கும் மேசையிலேயே காலம் கழித்தவன் நான். சாவுச் செய்தி கேட்டால் “சான்றிதழ் வாங்கியாச்சா?” என்பதுதான் முதலில் வாயில் வரும். சின்னமனூர் தாண்டியபோது ஒரு நல்ல வாக்கியம் அமைந்தது. உத்தமபாளையம் வருவதற்குள் அதைச் சுருக்கியும் வைத்துக்கொண்டேன். வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளைத் தாண்டி உள்ளே போய், அந்த வாக்கியத்தைச் சொல்வதற்காகக் கூட்டத்தில் பாயைத் தேடினேன். கூடத்தின் நடுவே வெள்ளைத் துணிக்குள் அவர் படுத்திருந்தார். அவருக்குப் பின்னால் அவருடைய மீன்தொட்டி, கொஞ்சமும் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

காஜா மைதீன் பாயை உங்களில் பெரும்பாலோருக்குத் தெரியும். மற்றவர்களுக்குச் சாவைப் பற்றி ஒரு பயத்தை உண்டாக்கி, அந்தப் பயத்துக்குத் தவணை நிர்ணயிப்பது நம் தொழில். நம் கிளையின் முகவர்களில் தானும் உண்மையாகவே பயந்தவர் அவர் ஒருவர்தான். மார்க்கையன்கோட்டைப் பக்கம் ஒரு விவசாயியிடம் பாலிசி பேசப் போனவர், தோட்டத்துக் கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் இல்லாததைப் பார்த்து முகம் வெளிறி, “மொதல்ல இதுக்குச் சொவர் எடுங்க, மத்ததப் பெறகு பேசிக்கிருவோம்” என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். அந்த விவசாயி சுவரை எடுத்தார். பாலிசியை வேறு முகவரிடம் எடுத்தார். மேலாளர் இதைக் கூட்டத்தில் சொல்லிச் சிரித்தபோது பாய் எழுந்து நின்று, “பயத்துக்கு வெக்கப்பட்டவன்தான் சார் கெணத்துல விழுகுறான்” என்றார். அந்த மாத விருது அவருக்குக் கிடைக்கவில்லை.

வளைகுடாவில் வேலை பார்க்கும் மகன் ஷாஜகான், படுக்கையில் விழுந்த அம்மா பார்த்துக்கொண்டிருக்க ஏதாவது வேண்டுமென்று, கோட்டயத்துக் கடையொன்றில் சொல்லி அந்தத் தொட்டியை அனுப்பிவைத்தான். மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் தொட்டி அளவுக்கு இருந்தது. அம்மாள் கட்டிலில் சாய்ந்தபடி பார்ப்பதற்கு வாகாக, அறைவாசலுக்கு நேரே கூடத்துச் சுவரோரம் அதை வைத்தார்கள். அதன் மூலையில் ஒரு குழாய். நிரம்பி வழியும் தண்ணீர் அதன் வழியே கீழே பெட்டிக்குள் இருக்கும் இன்னொரு தொட்டிக்கு இறங்கும். அங்கே அழுக்கு வடிந்ததும் மோட்டார் அதை மறுபடி மேலே ஏற்றும். கேட்க எளிதுதான். ஆனால் இறங்குகிற தண்ணீர் சும்மா இறங்குவதில்லை, கூடவே காற்றையும் இழுத்துக்கொண்டு போகிறது. குளியலறையில் வாளித் தண்ணீரைக் கொட்டினால் கடைசியாகச் சல்லடையில் ஓர் உறிஞ்சல் கேட்கும் அல்லவா? அந்த உறிஞ்சல் முடியாமல் பகலும் இரவும் நீண்டால் எப்படியோ அப்படி. அந்த வீட்டுக்குப் போன நாமெல்லாம் எதிரில் இருப்பவர் செவிடர் என்பதுபோலக் கத்தித்தான் பேசினோம்.

அம்மாளுக்குப் புத்தி தெளிவு, பேச்சும் தெளிவு. குரல்தான் நூலாகத் தேய்ந்துவிட்டது. ஒரு மதியம் பாய் தொட்டியை ஒட்டி உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்க, உள்ளே அம்மாள் கட்டிலிலிருந்து சரிந்து, சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே சிக்கிக்கொண்டார். கைக்கெட்டுகிற இடத்தில் வைத்திருந்த அழைப்பு மணியும் கூடவே சரிந்து கட்டிலுக்கடியில் போய்விட்டது. அவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். பாய் கடைசிப் பக்கம் வரை படித்து முடித்துவிட்டுத் தேநீர் வேண்டுமா என்று கேட்கப் போனபோதுதான் பார்த்தார். அம்மாள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. “எந்த ஊர்ல மழையாம்?” என்று மட்டும் கேட்டாராம். இதைப் பாய்தான் என்னிடம் சொன்னார். “அடுத்த முறை நான் கோட்டை விட்டா...” என்று ஆரம்பித்தவர், அந்த வாக்கியத்தை முடிக்கவே இல்லை.

தொட்டியைக் கொடுத்துவிடுங்கள் என்று நான் சொன்னேன். உள்ளேயிருந்து அம்மாளின் குரல் வந்தது. நான் வாசலருகே நின்றதால் கேட்டது. “அத எடுத்துட்டா நான் எதப் பாத்துக்கிட்டுக் கெடக்க? இவுக மொகத்தையா?” பாய் அதைத் தீர்ப்பாக ஏற்றுக்கொண்டார். ஆகவே தொட்டியும் இருக்க வேண்டும், சத்தமும் இருக்கக் கூடாது.

தண்ணீரைப் பற்றிக் கம்பம் பள்ளத்தாக்கில் கருத்து இல்லாதவர் கிடையாது. பெருமாள் குழாயின் வாயை உயர்த்தச் சொன்னார். உயர்த்தினார்கள், ஓசை மெலிந்து குரட்டையாக மாறியது. வாய்க்கு மூடி போட்டு அதில் சிறு துளையிடச் சொன்னார் தொட்டி விற்ற கடைக்காரர். குரட்டை, வயதான ஒருவரின் குரட்டையானது. தெருவில் குழாய் வேலை பார்ப்பவர் வந்து காது வைத்துக் கேட்டுவிட்டு, “பாய், தண்ணின்னா பேசத்தான் செய்யும். ஒங்க வீட்டுத் தண்ணி கொஞ்சம் அதிகமாப் பேசுது” என்று சொல்லிவிட்டு, வந்ததற்குக் கூலியை வாங்கிக்கொண்டு போனார். கடைசியில் பாயே ஒரு பஞ்சுத்துண்டைக் குழாயின் வாயில் செருகினார். வீடு அமைதியானது. அந்த நிம்மதியில் நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டார்.

பாதம் நனைந்துதான் விழித்தார். பஞ்சில் அழுக்கு அடைத்து வழி மூடிவிட்டது. மோட்டாருக்கு அது தெரியாது. கீழே இருந்த தண்ணீரையெல்லாம் மேலே ஏற்றித் தொட்டி விளிம்பு வழியாகக் கூடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தது. அறைக்குள் அம்மாளின் காற்றுப்படுக்கைக்கு மின்சாரம் கொடுக்கும் பலகை தரையில் கிடந்தது. தண்ணீர் அதை நோக்கி மெல்லப் போய்க்கொண்டிருந்தது. வழுக்கி விழுந்தெழுந்து சுவரிலிருந்த விசையை அணைத்துவிட்டு அவர் நிமிர்ந்தபோது, அம்மாள் கேட்டார்: “மீனு இங்கன வரப்போகுதா, நாம அங்கன போகப்போறமா?” நானும் என் மனைவியும் போய்த் தண்ணீரை வாரிக் கொட்டினோம். பாய் ஓர் ஓரமாக நின்றார். “சத்தம் இருந்தாலும் அவளுக்கு ஆபத்து, சத்தம் நின்னாலும் அவளுக்கு ஆபத்து. நான் எதுக்கு சார் பயப்பட?” என்று கேட்டார். கேட்டவர் பயத்தின் தரகர்.

அதன்பிறகு அவர் தனக்குத் தெரிந்த மலையாளத்தில் கோட்டயத்துக் கடைக்காரரோடு நாள்தோறும் பேசினார். வழி கிடைத்தது. தண்ணீர் மேலே ஏறும் குழாயை விளிம்புக்கு மேலாக வளைத்துவிட்டு, அது முன்பு வந்த துளையில், தண்ணீர் கீழே இறங்குவதற்கு இரண்டாவது குழாய் வைத்தார்கள். முன்பே தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்த முதல் குழாயில் ஒரு திருகு. அதைச் சரியான அளவுக்கு மூடினால் குழாய் முழுக்கத் தண்ணீர் நிறைந்துகொள்ளும். காற்றுக்கு இடமில்லை, ஆகவே ஓசையும் இல்லை. இரண்டாவது குழாயின் வாய் கொஞ்சம் உயரத்தில், வறண்டு சும்மா நிற்கும். முதலாவது அடைத்துக்கொண்டால் தண்ணீர் உயர்ந்து இரண்டாவதில் விழும். விழும்போது அது போடும் இரைச்சல்தான் எச்சரிக்கை. திருகை மயிரிழை அதிகம் திறந்தால் காற்று புகுந்து உறிஞ்சும், மயிரிழை அதிகம் மூடினால் இரண்டாவது குழாயில் சொட்டும். அந்த நடு இடத்தைப் பிடிக்கப் பாய் தரையில் ஒருக்களித்துப் படுத்துத் திருகிக்கொண்டிருந்தார். பக்கத்தில் யாரும் இருமக் கூடாது. ஒரு சாயங்காலம் அது பிடிபட்டது. எழுந்து உட்கார்ந்து, “வாயத் தொறக்காத குழாய் ஒண்ணு, வாயத் தொறந்தா நாம ஓட வேண்டிய குழாய் ஒண்ணு. ரெண்டும் இருந்தாத்தான் குடும்பம்” என்றார். அவர் சொன்னவற்றில் நகைச்சுவைக்கு மிக அருகே வந்தது அதுதான்.

பயம் தீர்ந்தது என்று நினைத்தேன். மின்சாரம் போய்த் திரும்பி வரும்போதெல்லாம் குழாய் கொஞ்ச நேரம் இரைந்துவிட்டுத்தான் அடங்கும்; அது அடங்கும் வரை அவர் நின்றுகொண்டே இருப்பார். அதுகூடப் பரவாயில்லை. இப்போது அவருக்கு எல்லாம் கேட்டது. அம்மாள் தலையணையில் முகம் திருப்புவது கேட்டது, எச்சில் விழுங்குவது கேட்டது, மூச்சு கேட்டது. மூச்சு கேட்கிற மனிதன் அடுத்த மூச்சுக்காகக் காத்திருக்க ஆரம்பிக்கிறான். என்னிடம் பேசிக்கொண்டே இருப்பார், நடுவில் ஒரு சொல்லில் நின்று, கையை உயர்த்தி என்னையும் நிறுத்தி, காதை அறைப்பக்கம் வைப்பார். பிறகு விட்ட சொல்லிலிருந்து தொடர்வார். “கொட்டாவி விட்டாக்கூட ஓடி வர்றாக அண்ணே. நிம்மதியாக் கொட்டாவி விட முடியல” என்று அம்மாள் என்னிடம் முறையிட்டார்.

பாய் போன விதத்தை அடக்கம் முடிந்த பிறகு பக்கத்து வீட்டுப் பாத்துமா என் மனைவியிடம் சொன்னார். பாத்துமாவுக்குச் சொன்னது ஜைத்தூன் அம்மாள். அன்று விடிந்ததும் பாய் தேநீர் போட அடுப்படிக்குப் போயிருக்கிறார். டம்ளர் விழுந்த சத்தம் அம்மாளுக்குக் கேட்டது. பிறகு ஆள் விழுந்த சத்தம் கேட்டது. பிறகு அவருடைய மூச்சு கேட்டது. அம்மாள் மணியை அழுத்தினார். அந்த மணி அந்த வீட்டுக்குள் இருப்பவருக்காக வைத்தது. கூப்பிட்டார், அந்தக் குரல் ஒருவர் காதுக்கு மட்டும் எட்டும்படி அந்த வீடு அமைக்கப்பட்டிருந்தது. பாத்துமா இடியாப்பம் கொண்டு வரும் வரை அம்மாள் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். வெகுநேரம் மூச்சு கேட்டதாம். பிறகு கேட்கவில்லையாம்.

எல்லாவற்றுக்கும் பயந்த மனிதர் இந்த ஒன்றை நினைத்துப் பார்க்கவில்லை. தானும் விழக்கூடும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

ஒரு வாரம் கழித்துப் போனேன். மகன் வந்திருந்தான். மருமகள் இனி இங்கேயே இருக்கப்போகிறாள், மாமியாரின் அறையிலேயே படுத்துக்கொள்கிறாள் என்று சொன்னான். கணவரை இழந்தவர் அந்நிய ஆண்கள் முன் வராமல் இருக்கும் இத்தா காலம் என்பதால் அறைவாசலில் கனத்த திரை தொங்கியது. துக்கம் கேட்க ஆண்கள் வந்துகொண்டே இருந்ததால் பகல் முழுக்க அது விலகவில்லை. தொட்டியை யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று ஷாஜகான் என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டான். அந்த வீட்டில் தாழ்ந்த குரலுக்குப் பயனில்லை. திரைக்குப் பின்னாலிருந்து அம்மாள் என்னை அழைத்தார்.

“அண்ணே, அந்தத் திருகக் கொஞ்சம் தொறந்து விட்டுருங்க.”

திறந்தால் பழையபடி இரையும் என்றேன். தெரியும் என்றார். பாய் அதை அடக்க எவ்வளவு பாடுபட்டார் என்று தொடங்கியவன், யாரிடம் சொல்கிறோம் என்று தெரிந்து நிறுத்தினேன்.

“அவுகளுக்கு என் சத்தம் கேக்கணும்னுதான செஞ்சாக. இப்ப எனக்குத்தான் எல்லாம் கேக்குது. அடுப்படியில யாரும் இல்ல, தெரியும். ஆனா காது அங்கனயே கெடக்கு, திரும்ப மாட்டேங்குது. தெரையப் போட்ட பெறகு மீனையும் பாக்க முடியல. சத்தமாச்சும் வரட்டும்.”

பாய் படுத்த இடத்தில், அதே பக்கமாக ஒருக்களித்து நானும் படுத்தேன். திருகில் கை வைத்தேன். அந்தப் பெண்ணின் குரலுக்கும் வெளியுலகத்துக்கும் நடுவே நான் ஒரு சுவரை எழுப்புகிறேனா என்று பயமாக இருந்தது. மருமகள் பக்கத்திலேயே இருக்கிறாளா என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டேன். “இருக்கேன் மாமா” என்று திரைக்குள்ளிருந்து அவள் சொன்ன பிறகே திருகினேன். குழாய் ஒருமுறை விக்கியது, பிறகு உறிஞ்சத் தொடங்கியது. திரைக்குப் பின்னால் அம்மாள் அழுதார் என்று நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியாது. கேட்கவில்லை.

பாயின் பொருள் எதுவும் என்னிடம் இல்லை. அவருடைய காது மட்டும் எனக்கு வந்துவிட்டது. காலையில் நாற்காலியில் உட்கார்ந்ததும் மின்விசிறியை நிறுத்திவிடுகிறேன். அடுப்படியில் என் மனைவி புழங்கும் சத்தம் வந்துகொண்டிருக்க வேண்டும். கொஞ்சம் நின்றால் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன். “என்ன வேணும்?” என்று எரிச்சலோடு ஒரு குரல் வருகிறது. அந்தக் குரல்தான் வேண்டும் என்று சொன்னால் இந்த வயதில் சந்தேகப்படுவாள். குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கேட்கிறேன்.