சீல் விழாத கட்டம்

2000-ஆம் வருடம், பெரம்பலூர் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் நடந்தது இது.

சொந்த ஊர் கல்லங்குறிச்சி. நானும் பக்கத்து வீட்டுத் தோழியும் சேர்ந்தே டைப்ரைட்டிங் படித்து, சேர்ந்தே பஸ் ஏறிப்போய் 1996-ல் பெயரைப் பதிந்தோம். வரிசையில் அவள் முன்னால், நான் பின்னால். அதனால் பதிவு எண்ணிலும் அவளுக்கு அடுத்தவள் நான். மூன்று வருடத்துக்கு ஒருமுறை பதிவு அட்டையைக் கொண்டுபோய்ப் புதுப்பித்து சீல் வாங்க வேண்டும். விட்டால் சீனியாரிட்டி போச்சு. மறுபடி கடைசி ஆளாக நிற்க வேண்டியதுதான்.

1999-ல் புதுப்பிக்கும் மாதம் வந்தபோது அவளுக்குக் குழந்தை பிறந்து இருபது நாள். "பச்சப் புள்ளய வச்சுக்கிட்டு எங்கடி அலைவ? குடு, நான் பாத்துக்கறேன்" என்று பிடுங்காத குறையாக அவள் அட்டையை வாங்கிக்கொண்டு போனேன். யாருக்கு என்ன வேலை என்றாலும் இப்படி முந்திக்கொள்வது என் சுபாவம். அதில் ஒரு பெருமை வேறு. திரும்பி வந்து, "முடிஞ்சுது போ" என்றேன். இரண்டு அட்டையும் என் ஃபைலிலேயே பத்திரமாக இருக்கட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

அடுத்த வருடம் ஒரு அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலைக்கு என் பெயரைப் பரிந்துரைத்து இன்டர்வியூ கடிதம் வந்தது. அவளுக்கு வரவில்லை. நாலு நாள் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலிலேயே நின்றாள். லோடு ஏற்றப்போன அவள் வீட்டுக்காரர் இடுப்பில் அடிபட்டுப் படுக்கையில் கிடந்த சமயம். அந்த வேலையைத்தான் அவள் மலைபோல் நம்பியிருந்தாள். எனக்கோ ஆத்திரம் தாங்கவில்லை. "முன் நம்பருக்கு வரல, பின் நம்பருக்கு வருதாம்! எவனோ காசு வாங்கிட்டு உன் பேர அமுக்கிட்டான். கெளம்புடி" என்று குழந்தையும் கையுமாக அவளை இழுத்துக்கொண்டு போனேன்.

கவுன்ட்டரில் நான் போட்ட சத்தத்தில் கூட்டமே கூடிவிட்டது. அங்கிருந்த அலுவலர் பதறவில்லை. பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இவங்க புதுப்பிக்கலையேம்மா" என்றார்.

"நானே வந்து புதுப்பிச்சேன் சார்! பொய் சொல்லாதீங்க!" என்று ஃபைலிலிருந்து இரண்டு அட்டைகளையும் உருவி மேஜைமேல் அடித்தேன்.

அவர் இரண்டையும் என் பக்கம் திருப்பி வைத்தார். என்னுடையதில் 99-ஆம் வருட சீல் இருந்தது. அவளுடையதில் அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தது.

ஐயோ! அன்றைக்கு வரிசையில், கூடப் படித்த ஒருத்தியைப் பார்த்து வாய் ஓயாமல் பேசிக்கொண்டே என் அட்டையை மட்டும் நீட்டியிருக்கிறேன். சீல் விழுந்ததும் ஒரு மணி பஸ்ஸைப் பிடிக்க ஓட்டம். அவள் அட்டையை ஃபைலை விட்டு வெளியே எடுக்கவே இல்லை.

அவள் என்னைத் திட்டவில்லை. அட்டையை எடுத்துக் குழந்தையின் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டாள். பஸ்ஸில் வேறு சீட்டில் போய் உட்கார்ந்தாள். அவள் நாலு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

இன்டர்வியூவுக்குப் போகமாட்டேன் என்று மூன்று நாள் படுத்துக் கிடந்தேன். அவளே வந்தாள். "நீ போவாட்டி அந்த எடம் எனக்கா வரப்போவுது? எந்திரிச்சுப் போ" என்றாள். உட்காரக்கூட இல்லை, போய்விட்டாள்.

எனக்கு வேலை கிடைத்தது. அவள் மறுபடி கடைசியில் பெயரைப் பதிந்துவிட்டு, அரியலூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறாள். இன்றுவரை அவளுக்குக் கடிதம் வரவில்லை.

போன மாதம், மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கச் சாதிச் சான்றிதழ் வாங்க எங்கள் தாலுகா ஆபீசுக்கு வந்தாள். பழக்கதோஷத்தில், "குடு, நான் பாத்துக்கறேன்" என்று கை நீட்டிவிட்டேன். அவள் சிரித்தாள், காகிதத்தை மட்டும் தரவில்லை. "பரவால்ல, சீல் வைக்கிற வரைக்கும் நிக்கிறேன்" என்றாள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு மத்தியானம்வரை நின்று, சீலைத் தன் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினாள்.

அவள் என்னை எப்போதோ மன்னித்துவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் என்னை நம்பி இனி ஒரு காகிதம்கூடத் தரமாட்டாள், அதுதான் நியாயம் என்று எனக்கும் தெரியும்.