ஒன்பது வளைவும் ஒரு முனியும்

பேனாவும் மையும் வைத்துப் பேய் வரைவது என் தொழில். இதில் ரப்பருக்கு வேலை இல்லை, கை நடுங்கினால் நடுங்கினபடியே நிற்கும்.

பிள்ளையை முதன்முதலாகப் பள்ளி வேனில் ஏற்றிவிட்ட அம்மாக்களே, நீங்கள் என் கட்சி. கான்வென்ட்டில் சயின்ஸ் ரெக்கார்டில் தவளை வரைந்து நல்ல பெயர் வாங்கியவள் நான். கல்யாணமாகிக் கொல்லிமலைக்கு வந்தபின் தவளை போய்ப் பேய் வந்தது. எங்கள் ஊருக்கும் பள்ளிக்கும் நடுவே மலைச்சாலையில் ஒன்பது கொண்டை ஊசி வளைவு. மகள் யாழினிக்கு மூன்றரை வயது. அவளைப் பள்ளியில் சேர்த்த நாளிலிருந்து நான் வரைந்த ஒரு பேய்கூட உருப்படவில்லை.

சிரிக்காத பாவை

கொல்லிப்பாவை சிரித்தே ஆளை மயக்கிக் கொல்பவள். என் படங்களைத் தன் மிளகுக் கடையில் மாட்டி விற்கும் அக்காவிடம் புதுப் பாவையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார். சாப்பிட்டாயா என்று கேட்டார். அப்புறம்தான் சொன்னார்: "பாவைன்னா சிரிக்கோணும் கண்ணு. இது யாரையோ பஸ் ஏத்தி உட்டுட்டு நிக்கிற மாதிரி இருக்குது."

கொள்ளிவாய்ப் பிசாசு

அருவி பார்க்க வந்த ஒருவர், சாப்பிட அடம்பிடிக்கும் தன் மகளை மிரட்ட ஒரு பிசாசு கேட்டார். கோரைப்பல், வாயில் நெருப்பு, தலைமுடி ஒவ்வொன்றாக இழுத்துக் கொடுத்தேன். அந்தக் குட்டி படத்தை உற்றுப் பார்த்தது. கையிலிருந்த பிஸ்கட்டைப் பிசாசின் வாய்க்கு நேரே நீட்டி அப்பாவிடம் சொன்னது: "இது பயந்திருக்குப்பா. நம்மகூடக் கூட்டிட்டுப் போலாம்."

வேன் முனி

பள்ளி வேன் ஓட்டும் அண்ணன், வண்டிக்குக் காவலாக ஒரு முனி கேட்டார். மீசை, வீச்சரிவாள் எல்லாம் முடித்து, ஞாயிற்றுக்கிழமை கடைசியாகக் கண் வைத்தேன். நேராகத்தான் வைத்ததாக நினைப்பு. திங்கள் காலை அவர் அதை வேனுக்குள், முன்கண்ணாடிக்கு மேல் சீட்டுகளைப் பார்த்தபடி ஒட்டினார். யாழினி முதல் சீட்டில் ஓரமாக ஏறி உட்கார்ந்தாள். முனியின் இரண்டு கண்ணும் கடைக்கண்ணாக அந்த ஓரத்திலேயே நின்றன.

வேறு வரைந்து தருகிறேன் என்று கையை நீட்டினேன். அவர் தரவில்லை. முனியையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"இருக்கட்டுமுங்க அம்மிணி. பாப்பாவை முனி பாத்துக்கட்டும், ரோட்டை நான் பாத்துக்கறேன்."

சாயங்காலம் வேன் முழுசாகத் திரும்பி வந்தது, மகள் இப்போது தூங்குகிறாள், நாளைக்கும் வேன் உண்டென்பதால் என் பேய்கள் இன்னும் கொஞ்ச நாளைக்குப் பயந்துகொண்டுதான் இருக்கும்.