ஏழாவது நிறுத்தத்தின் சிவப்பு ரப்பர் பேண்டுகள்

ஏகாம்பரம் இறந்த செய்தி வாட்ஸ்அப்பில் வந்தபோது நான் பெங்களூர் தொம்மலூரில் பல் மருத்துவரின் முன்னறையில் உட்கார்ந்திருந்தேன். நம் பழைய ஆய்வகக் குழுவில் யாரோ அவருடைய படத்தைப் போட்டிருந்தார்கள். கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். பிறகு ஒருவர் எழுதியிருந்தார்: "தங்கமான மனுஷர். அந்தக் கப்பல் சாம்பிள் விஷயம் ஒண்ணைத் தவிர அவர் மேல ஒரு குறை சொல்ல முடியாது." அதற்கு ஏழு பேர் கட்டைவிரல் உயர்த்தியிருந்தார்கள். உள்ளே என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து வெளியே வந்துவிட்டேன். பல் இன்னும் வலிக்கிறது.

குழுவில் நான்கு வரி அஞ்சலி கேட்டீர்கள். அந்த "ஒண்ணு" நான்கு வரியில் அடங்காது.

ஸ்ரீராம்புரத்தில் பிறந்து ஸ்ரீராம்புரத்திலேயே முடிந்தவர் ஏகாம்பரம். அப்பா மாநகராட்சியில் குடிநீர்க் குழாய் வேலை பார்த்தவர். மகன் நம் ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவை கழுவச் சேர்ந்து, கடல்நீரில் கரைந்திருக்கும் கரியமில வாயுவை அளக்கும் அறைக்கே பொறுப்பாளரானார். அவரிடம் முனைவர் பட்டம் கிடையாது. என்னிடம் இருந்தது. நம் இடத்தில் அந்த வித்தியாசத்துக்கு என்ன மதிப்பு என்று உங்களுக்குத் தெரியும். நானும் அதை நன்றாகவே அனுபவித்தேன். என்னை "டாக்டரே" என்பார். அது மரியாதையா கிண்டலா என்று இருபது வருடத்தில் எனக்குத் தெரியவில்லை.

ஒருமுறை டில்லியிலிருந்து வந்த பெரிய அதிகாரி ஒருவர், துருவக் கடல் தண்ணீரை பெங்களூரில் வைத்து என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். நான் படங்களுடன் ஆரம்பித்தேன்: குளிர்ந்த நீர் அதிக வாயுவைக் கரைத்துக்கொள்ளும், தென்துருவத்தின் ஓரத்தில் கடல் உறையும்போது உப்பு கீழே தங்கும், அந்த நீர் கனத்து, வாயுவைச் சுமந்துகொண்டு அடியாழத்துக்கு மூழ்கும். அதிகாரி கைபேசியைப் பார்த்தார். ஏகாம்பரம் குறுக்கே வந்தார். "சார், நாம வுடுற புகையில ஒரு பங்கை அந்தக் கடல் முழுங்கி அடியில கொண்டுபோய் வெச்சுக்குது. நூத்துக்கணக்கான வருஷத்துக்குத் திருப்பித் தராது. இன்னொரு பக்கம் எப்பவோ முழுங்கினதை வெளிய வுடுது. முழுங்குறது ஜாஸ்தியா, வுடுறது ஜாஸ்தியா? அதான் சார் இந்த ரூம்ல வேலை." அதிகாரி கைபேசியைக் கீழே வைத்தார். அன்று மாலை வரை நான் ஏகாம்பரத்துடன் பேசவில்லை.

இத்தனைக்கும் அவர் அந்தக் கடலைப் பார்த்ததில்லை. "மெரினாவுல பேன்ட்டை மடிச்சுக்கினு நின்னேன் சார், அவ்ளோதான் நம்ம கடல்" என்பார். ஒவ்வொரு கப்பல் பயணத்துக்கும் தன் பெயரைக் கொடுப்பார். ஒவ்வொரு முறையும் பட்டம் பெற்ற எவரோ போவார்கள். ஒரு வருடம் ஒருவழியாக, அடுத்த பயணத்துக்கு அவர் பெயர் பட்டியலில் ஏறியது. அதற்கு முந்தைய பயணத்தில் போனவன் நான்.

கப்பலில் போகிறவர்களுக்கு அவர் ஒரே ஒரு விதி வைத்திருந்தார். பாட்டிலில் பிடித்த நீரில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் இருக்கும். அவை பாட்டிலுக்குள்ளும் மூச்சு விட்டுக்கொண்டே இருந்தால் வாயு கூடிவிடும், அளவு பொய்யாகும். அதனால் பிடித்த கையோடு பாதரச மருந்தைச் சொட்டுவிட்டு மூட வேண்டும். மருந்து விட்டவர், விட்டவுடனே, கழுத்தில் சிவப்பு ரப்பர் பேண்டு போட வேண்டும். "உள்ள இருக்கிறது செத்தாதான் சார் நம்ம நம்பர் உயிரோட இருக்கும்" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லி அனுப்புவார்.

கப்பலை நிறுத்தி நீர் பிடிக்கும் இடங்களில் ஏழாவது நிறுத்தத்தில் காற்று கத்தியாக இருந்தது. கையுறையைக் கழற்றினால் விரல் மரத்துப்போகும். கையுறையோடு ரப்பர் பேண்டு போட முடியாது. எனவே சூடான அறைக்குள் உட்கார்ந்து, காலிப் பாட்டில்களுக்கு முன்கூட்டியே பேண்டு போட்டுவிட்டேன். புத்திசாலித்தனம் என்று நினைத்தேன். நீர் பிடித்து மருந்து விட்டுக்கொண்டு வரும்போது கப்பல் ஆடியது, ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். திரும்பி வந்தபோது எந்தப் பாட்டிலோடு நிறுத்தினேன் என்று தெரியவில்லை. எல்லாவற்றின் கழுத்திலும் சிவப்பு இருந்தது. மூடிகளை அழுத்தி, பெட்டியில் அடுக்கிவிட்டேன்.

மாதங்கள் கழித்து அளவுகள் வந்தன. ஏழாவது நிறுத்தத்தில் கடல் நாம் நினைத்ததைவிட மிக அதிகமாக விழுங்கியிருந்தது. நான் கட்டுரையை எழுத ஆரம்பித்துவிட்டேன். அப்போதுதான் ஏகாம்பரம் என் அறைக் கதவில் வந்து நின்றார்.

"டாக்டரே, ஏழாவது ஸ்டாப்ல ரப்பர் பேண்டு எப்பப் போட்டீங்க? மருந்துக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"பின்னாலதான். வேற எப்பப் போடுவாங்க?"

"சும்னே கேட்டேன் சார்." அவர் வெறுமனே எதையும் கேட்கிறவர் அல்ல. "ஒரே ஆழத்துல ரெண்டு பாட்டில் புடிச்சிருக்கீங்க. ஒண்ணு தூங்குது, இன்னொண்ணு மூச்சு வுடுது. அதான்."

"உங்க ரூம்ல மூடி தளர்ந்திருக்கும். மொதல்ல அதைப் பாருங்க."

"பாக்கறேன் சார்" என்று போய்விட்டார்.

பரிசீலனைக் கூட்டத்தில் அவர் சொன்னது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். "லேப் தப்பு. எங்க ரூம்ல மூடி தளர்ந்துபோச்சு. அந்த ஒரு பெட்டியை மட்டும் தள்ளிடலாம். மத்ததெல்லாம் சுத்தம்." நான் சொன்ன சாக்கையே எடுத்துத் தன் மேல் போட்டுக்கொண்டார். கட்டுரை செத்தது. தன் அறையிலேயே மூடியைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவரைக் கப்பலில் எப்படி அனுப்புவது என்று ஒருவர் கேட்டார். பட்டியலிலிருந்து அவர் பெயரை அடித்தார்கள். அந்த இடத்தில், அனுபவசாலி என்று, மறுபடியும் என்னை அனுப்பினார்கள். நான் போனேன்.

கூட்டம் முடிந்து படிக்கட்டில் அவரை மறித்தேன். "எனக்காக யாரும் பொய் சொல்ல வேண்டியதில்ல."

"உங்களுக்கா?" நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "கப்பல்ல போனவர் மருந்து வுடலன்னு எழுதினா, நீங்க கை வெச்ச அத்தனை பாட்டிலையும் குப்பையில போடுவாங்க டாக்டரே. நான் எல்லாத்தையும் ஜோடி ஜோடியா திரும்பப் பாத்துட்டேன், நல்ல தண்ணி. லேப் தப்புன்னா ஒரு பெட்டியோட போயிரும்." இரண்டு படி இறங்கித் திரும்பிப் பார்த்தார். "அவ்ளோ தூரத்துலருந்து வந்த தண்ணி சார்."

என்னை அவர் காப்பாற்றியிருந்தால் ஒருவேளை நன்றியோடு இருந்திருப்பேன். தண்ணீரைக் காப்பாற்றினார், போகிற போக்கில் நானும் தப்பினேன். அதை என்னால் பொறுக்க முடியவில்லை. ஒன்பது ஆண்டுகள், காபி குடிக்கும் இடத்திலெல்லாம், ஏகாம்பரத்தின் அறையில் என் சாம்பிள் கெட்டது என்று நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன். நீங்கள் கட்டைவிரல் உயர்த்திய அந்த வாக்கியத்தின் மூலம் என் வாய்தான்.

இறந்த செய்தி வந்த மறுநாள் ஸ்ரீராம்புரம் போனேன். சந்து முழுக்க நாற்காலி போட்டிருந்தார்கள். அவர் மனைவி என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"கப்பல்ல போய்ட்டு வந்த டாக்டர் நீங்கதானே? அந்தத் தண்ணி என்னா கலர்ல இருக்கும், வாசனை அடிக்குமான்னு உங்களைக் கேக்கணும்னு சொல்லிக்கினே இருப்பாரு. கேட்டாரா?"

"இல்லம்மா."

"கூச்சம். டாக்டர் பிஸியா இருப்பாருன்னுவாரு."

நிறம் கறுப்பு. பனிக்கட்டியின் ஓரத்தில் மட்டும் பச்சை. வாசனை ஏதும் இல்லை. மூக்கு மரத்துப்போகும் குளிர்தான். அவரிடம் சொல்ல வேண்டியதை அந்த அம்மாவிடம் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

இதை நம் மேலதிகாரிகளும் படிப்பார்கள். படிக்கட்டும். ஓய்வுக்கு எனக்கு இன்னும் நான்கு வருடம் இருக்கிறது. விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தால் இதையே நகலெடுத்துக் கொடுப்பேன். குழுவில் எழுதியவர் அந்த வாக்கியத்தின் பின்பாதியை எடுத்துவிட வேண்டும். ஏகாம்பரத்தின் அறையில் எந்த மூடியும் தளரவில்லை.

அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது கதவில் நின்று அவர் கேட்ட ஒரு கேள்வி. ஒரு வார்த்தையில் முடிந்திருக்க வேண்டிய பதிலை ஒன்பது வருடம் வாயில் வைத்திருந்தேன்.

முன்னால், ஏகாம்பரம். மருந்துக்கு முன்னால்.