பூங்காவனம் எழுப்பாத முட்டைகள்

ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் பூங்காவனத்தின் குரலுக்குத் தப்பித் தூங்கியவர் யாருமில்லை. மகளை எழுப்ப அவள் போடும் சத்தத்தில் மேல்மாடிச் சீனக் கிழவர்கூட எழுந்து கோப்பி கலக்கப் போய்விடுவார். பரீட்சைக் காலம் வந்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் கடிகாரத்தை நம்பமாட்டார்கள். "அக்கா, நாளைக்குப் பையன விடியக்காலைல எழுப்பி விட்டுருங்க லா" என்று முதல்நாளே சொல்லி வைத்துவிடுவார்கள்.

பிறந்த இடத்துப் பழக்கம் அது. பைராம் தோட்டத்தில் சிறுமியாக இருந்தபோதே, விடியற்காலையில் பெயர் கூப்பிட்டு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு முன்பே, தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்துக் கதவுகளையெல்லாம் தட்டிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் கிளம்புவாள். கல்யாணமாகி இந்தத் தீவுக்கு வந்து பாயான் லெப்பாஸ் பெக்டரியில் சேர்ந்தபோதும், வேன் வருமுன் கூட வேலை செய்யும் பெண்களை ஃபோன் போட்டு எழுப்புவது அவள்தான். லாரி ஓட்டிய கணவர் ஒருநாள் மத்தியானம் நெஞ்சு வலிக்கிறது என்று படுத்தார். அவரை மட்டும் அவளால் எழுப்ப முடியவில்லை. அப்போது மகள் ஷர்மினி ஆரம்பப் பள்ளியில் இருந்தாள். அதற்குப் பிறகு வீட்டில் எழுப்புவதற்கு அந்த ஒருத்திதான் மிச்சம்.

ஷர்மினியோ தூங்குமூஞ்சி. "அஞ்சு நிமிஷம்மா" என்பாள். அது அரைமணி ஆகும். இப்படித் தூங்கிக்கொண்டே ஒருத்தி கெலுகோர் ஆய்வுக்கூடம் ஒன்றில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கும் அளவுக்கு எப்படி வந்தாள் என்பது பெற்றவளுக்கே புரியாத ஆச்சரியம்.

படிப்பு மீனைப் பற்றி. விரல் நீளம் வளரும் ஆப்பிரிக்க மீன். மழைக்குத் தேங்கும் குட்டையில் பிறந்து, குட்டை வற்றுவதற்குள் வளர்ந்து, முட்டையிட்டு, கிழடு தட்டிச் செத்தும் போய்விடும். முட்டைகள் மட்டும் காய்ந்த மண்ணுக்குள் அடுத்த மழை வரைக்கும் தூங்கும்.

"நாலஞ்சு மாசத்துல அதுக்கு நம்ம மாதிரியே வயசாயிடும்மா. முதுகு வளையும், கலர் போயிடும். ஆனா முட்டைக்குள்ள தூங்குறப்ப வயசே ஆகாது. அப்ப எந்த ஜீன் அணைஞ்சு கெடக்கு, எது மட்டும் முழிச்சிருந்து காவல் காக்குதுன்னுதான் நாங்க பாக்கிறோம்."

"பாத்து?"

"உனக்கு மருந்து செய்வோம். நீ கிழவியே ஆகமாட்ட."

"செய்யி, செய்யி. முதல்ல எழுந்து பசியாறு."

ஆய்வுக்கூடத்தில் கேட்டு வாங்கி, ஒரு சோடி மீனை வீட்டிலும் வளர்த்தாள் ஷர்மினி. தொட்டியடியில் போட்டிருந்த தேங்காய் நார்த்தூளில் அவை முட்டையிட்டன. தூளைப் பிழிந்து, லேசான ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் அடைத்து, அலமாரியில் அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள். "இருட்டுல கெடக்கட்டும்மா. நான் சொல்ற வரைக்கும் தண்ணி ஊத்திடாத" என்றாள்.

சொல்வதற்கு அவள் இருக்கவில்லை. போன வருசம் மழைக்காலத்தில் ஒரு காலை, பூங்காவனம் வழக்கம்போல எழுப்பி, வழக்கம்போலத் திட்டி, மோட்டார் சைக்கிளில் அனுப்பி வைத்தாள். ஜெலுத்தோங் பக்கம் ரோடு வழுக்கிவிட்டது. வயசாவதைப் பற்றிப் படித்த பெண்ணுக்கு ஒரு நரைமுடிகூட வரவில்லை. இன்னும் அஞ்சு நிமிஷம் தூங்க விட்டிருந்தால் என்பதையே அந்தத் தாய் நினைத்துக்கொண்டிருந்தாள். அதோடு அவள் யாரையும் எழுப்புவதை விட்டுவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரர்களும் கேட்பதை நிறுத்திக்கொண்டார்கள்.

தொட்டியில் இருந்த சோடிக்கு அவள்தான் தீனி போட்டாள். மகள் சொன்னபடியே கலர் போனது, முதுகு வளைந்தது. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டும் செத்தன. மல்லிகைத் தொட்டியில் புதைத்துவிட்டு வந்தபோதுதான் முட்டைப் பை ஞாபகம் வந்தது. பெற்ற பிள்ளை கடைசியாகக் கையால் கட்டி வைத்த பொருளை அரிசி டப்பாவுக்குப் பின்னால் கிடக்க விடுவாளா ஒரு தாய்? எடுத்துவந்து ஷர்மினி படத்தடியில், அணையாமல் எரியும் எண்ணெய் விளக்கை ஒட்டி வைத்தாள். மகளின் உயிரில் ஏதோ கொஞ்சம் அதற்குள் வயசாகாமல் தூங்குகிறது என்று நினைக்க ஆறுதலாக இருந்தது. வாழ்க்கையிலேயே முதல்முறையாக, ஒன்று எழுந்திருக்காமல் இருக்கவேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள்.

கொஞ்ச நாளில் பெவர்லி ஃபோன் செய்தாள். ஷர்மினியோடு ஒரே மேசையில் வேலை செய்த பெண்.

"ஆன்ட்டி, லேப்ல ஷர்மி வளத்த மீனெல்லாம் நோய் வந்து செத்துப்போச்சு. மத்த மீனைவிட ரொம்ப நாள் தூங்குற வம்சம் அது. அவ படிப்பே அதை வெச்சுத்தான். இப்ப மிச்சம் உங்க வீட்டுல உள்ள முட்டைதான். குடுத்தீங்கன்னா அவ வேலைய நான் முடிச்சு அவ பேர்லயே போடுவேன்."

"எழுப்புனா எவ்ளோ நாள் இருக்கும்?"

"நாலஞ்சு மாசம்."

"அப்புறம் அதையும் தூக்கிப் புதைக்கணுமா? வேணாம்மா. அது பாட்டுக்குத் தூங்கட்டும்."

பெவர்லி வற்புறுத்தவில்லை. முதல் வருசத் திதி நெருங்கியபோது மறுபடியும் கூப்பிட்டாள். "கோவிச்சுக்காதீங்க ஆன்ட்டி. அவ தூங்க வெச்சதே எழுப்புறதுக்குத்தான். அவ இருந்தா இந்நேரம் எழுப்பியிருப்பா."

அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. ஊரையே எழுப்பியவள், சொந்த மகள் விட்டுப்போனதைத் தூங்கவிட்டு உட்கார்ந்திருக்கிறோமே என்று இருந்தது. மறுநாள் பையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். கெலுகோரில் கொடுத்துவிட்டுத் திரும்பியவள், காய்ந்து கிடந்த மீன்தொட்டியைத் தேய்த்துக் கழுவித் துடைத்தாள். இரண்டு குஞ்சாவது தனக்குத் தருவார்கள் என்று நம்பினாள். அன்றைக்கு வெகுநாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள்.

ஒரு சாயங்காலம் பெவர்லி வீட்டுக்கே வந்தாள். கையில் சின்னக் கண்ணாடிக் குப்பி. கழுவி வைத்திருந்த தொட்டியைப் பார்த்ததும் அவள் முகம் வாடிவிட்டது.

"ஒண்ணுகூட பொரிக்கல ஆன்ட்டி."

"கெட்டுப் போச்சா?"

"கெட்டுப் போகல. எல்லாமே முன்னாடியே முழிச்சிருக்கு. முட்டைக்குள்ளயே முழுசா வளந்து, கண்ணெல்லாம் வந்திருச்சு. தண்ணி வரும்னு காத்திருந்து, அப்படியே செத்திருக்கு."

"யாரு எழுப்புனது? நான் ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தலையே."

பெவர்லியின் பார்வை படத்தடிக்குப் போய் அங்கேயே நின்றது. விளக்கை ஒட்டிப் பை இருந்த இடம் மட்டும் கரிபடியாமல் சதுரமாகத் தெரிந்தது. பூங்காவனம் அங்கே கையை வைத்துப் பார்த்தாள். கதகதப்பாக இருந்தது.

"சூடும் வெளிச்சமும் பட்டா முழிச்சுக்குமா?"

"சில சமயம், ஆன்ட்டி."

"நீ முதல்ல கேட்டப்பவே குடுத்திருந்தா?"

"தெரியல" என்றாள் பெவர்லி. பொய் சொல்லத் தெரியாத பெண்; முகம் காட்டிக்கொடுத்தது. தலையைக் குனிந்துகொண்டு, "லேப்ல வெச்சிருக்குற செத்த முட்டையிலயும் கொஞ்சம் படிக்க முடியும். ஷர்மி பேரு வரும். மீனாத்தான் வளக்க முடியாது" என்றாள்.

பூங்காவனம் குப்பியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். ரவை போன்ற முட்டைகள். ஒவ்வொன்றிலும் இரண்டு கரும்புள்ளி. "எழுப்பிவிட்டுட்டு ஒரு வாய் தண்ணி குடுக்காம இருந்திருக்கேன்" என்றாள். பெவர்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து பூங்காவனம் எழுந்து, படத்திலிருந்து ஒரு பூவைக் கிள்ளி, ஒரு வருசமாக எரிந்த விளக்கை அணைத்தாள். அடுப்படியிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து படத்தின் முன் வைத்தாள். குப்பியை அதில் கவிழ்த்தாள். முட்டைகள் அடியில் போய்த் தங்கின.

"ஷர்மி, எழுந்திருடி. மணி ஆச்சு."

பழைய குரல். மேல்மாடியில் சீனக் கிழவர் நாற்காலியை நகர்த்திக்கொண்டு எழுந்திருக்கும் சத்தம் கேட்டது. பெவர்லி வாயைப் பொத்திக்கொண்டாள்.

பூங்காவனம் சொம்பையே பார்த்தபடி அஞ்சு நிமிஷம் பொறுத்தாள். பிறகு இன்னும் சத்தமாகக் கூப்பிட்டாள்.